மெல்லிய படல அழுத்த சென்சார் + டிஸ்ப்ளே: எண் ஏறிக்கொண்டே போகிறது, 500 கிராமுக்கு மேல் நகரவும் இல்லை

கேட்டவர்: புதுச்சுற்று

வணக்கம் நண்பர்களே. எஃப்எஸ்ஆர் 402 வகை (அழுத்தினால் மின்தடை குறையும்) வட்டமான படல சென்சார், ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் பலகை, பின்னால் ஐ2சி பலகை (இரண்டே வயரில் தகவல் அனுப்ப) ஒட்டிய 16×2 எல்சிடி. இவ்வளவுதான் அமைப்பு. சென்சாரின் ஒரு கால் 5 வோல்ட்டில். மறு கால் ஏ0 பின்னில். அதே இடத்திலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்குப் போகிறது. ஏ0-வில் வரும் 0–1023 எண்ணை மேப் கட்டளையால் 0–1000 ஆக மாற்றி, பக்கத்தில் "கிராம்" என்று போட்டுத் திரையில் காட்டுகிறேன்.

வரும் எண்கள் இப்படி:

10 கிராம் எடைக்கல்: 0
100 கிராம்: 625
500 கிராம்: 850
1 கிலோ: 910

500 கிராம் கல்லை வைத்து ஒரு நிமிடம் விட்டால் 850 மெல்ல 865 வரை ஏறிவிடுகிறது. எடுத்துவிட்டு அதே கல்லை மறுபடி வைத்தால் இருபது முப்பது எண் தள்ளி நிற்கிறது. அதே மாடலில் இன்னொரு சென்சாரை மாட்டினால் 100 கிராமுக்கு 590தான் வருகிறது. சென்சார் பழுதா, இணைப்பில் தவறா, இல்லை இது இப்படித்தான் இருக்குமா?

கூடவே ஒரு சின்னப் பிரச்சினை. 985-லிருந்து எடையைக் குறைத்து 62-க்கு வந்தால் திரையில் 625 என்று தெரிகிறது.

---

ஓம்விதி

சென்சார் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சொன்ன எண்களைத் திருப்பிக் கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 6 கிலோ ஓம், 1 கிலோவுக்கு 1 கிலோ ஓம் வருகிறது. இந்த வகைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்புகளே அவை. 20 கிராமில் சுமார் 30 கிலோ ஓம் இருக்கும். எதுவும் படாதபோது 10 மெகா ஓமுக்கும் மேல்.

தவறு மேப் கட்டளையில். ஏ0-வில் கிடைக்கும் வோல்டேஜ் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. சென்சாரின் மின்தடை எடை கூடக் கூடக் குறைகிறது. அது ஒரு வளைவு. வோல்டேஜ் டிவைடர் (சென்சாரும் 10 கிலோ ஓமும் 5 வோல்ட்டைப் பங்கிடும் இணைப்பு) அதன்மேல் இன்னொரு வளைவை ஏற்றுகிறது. இரண்டும் சேர்ந்த வளைவை ஒரே நேர்கோடாக மேப் எடுத்துக்கொள்வதால்தான் 100 கிராமுக்கு 625 வருகிறது.

மின்தடையை விட்டுவிட்டு அதன் தலைகீழான கடத்துத்திறனுக்குப் போய்விடுங்கள். ஏடிசி எண்ணை (ஏ0-வின் வோல்டேஜை ஊனோ மாற்றித் தரும் 0–1023 எண், மேப் செய்யாதது) "அ" என்றும் கீழே உள்ள ரெசிஸ்டரை (ஓமில்) "ரெ" என்றும் வைத்துக்கொண்டால்:

கடத்துத்திறன் (மைக்ரோசீமென்ஸ்) = 10,00,000 × அ ÷ ( ரெ × (1023 − அ) )

20 கிராமுக்கு 33, 100 கிராமுக்கு 167, 1 கிலோவுக்கு 1000 என்று வரும். முதல் இரண்டும் கிராமுக்கு 1.67 என்ற ஒரே சரிவில் இருக்கின்றன. 1 கிலோவுக்குப் போகும்போது சராசரி கிராமுக்கு 1-ஆகக் குறைகிறது. அதாவது கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட நேர்கோடு, மேலே போகப் போகக் கொஞ்சம் சாய்கிறது. இந்த அளவு சாய்வை நான்கைந்து புள்ளிகள் கொண்ட ஓர் அட்டவணையால் சமாளித்துவிடலாம். ஏடிசி எண் 0 வந்தாலும் இந்தச் சூத்திரம் உடையாது. 1023 வந்தால் மட்டும் பூச்சியத்தால் வகுக்க நேரும், அதற்கு ஒரு சோதனை வரி வையுங்கள். கணக்கு முழுவதையும் ஃப்ளோட்டில் (தசம எண் வகை) செய்யுங்கள். ஊனோவில் இன்ட் (முழு எண் வகை) என்பது 16 பிட், 32767-ஐத் தாண்டியதும் எதிர்மறை எண்ணாக உருண்டுவிடும்.

அடுத்தது ரெசிஸ்டர். 500 கிராமுக்கு மேல் எண் நகராததற்கு 10 கிலோ ஓம்தான் காரணம். 1 கிலோ எடையில் சென்சார் 1 கிலோ ஓமாக இறங்கிவிட்டபின் கீழே 10 கிலோ ஓம் இருந்தால், ஏடிசியின் ஓர் எண் ஏறக்குறைய 15 கிராமுக்குச் சமம். 3.3 கிலோ ஓம் போட்டால் அதே இடத்தில் ஓர் எண் 7 கிராம். 100 கிராம் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, அரை கிராம்தான். கீழே எதையும் இழக்காமல் மேலே இரட்டிப்புத் துல்லியம் கிடைக்கிறது.

உங்களுக்கு வேண்டிய எடை வரம்பின் இரு முனைகளிலும் சென்சாரின் மின்தடை என்ன என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது பொருத்தமான ரெசிஸ்டர். 6 × 1-க்கு வர்க்கமூலம் 2.45, ஆகவே 2.2 அல்லது 3.3. அதற்கும் கீழே 1 கிலோ ஓம் வரை இறங்க வேண்டாம். இந்தப் படலங்களில் சதுர செ.மீ.க்கு 1 மில்லிஆம்பியர் அளவில்தான் மின்னோட்டம் விடச் சொல்லியிருக்கிறார்கள். 3.3 கிலோ ஓம் இருந்தால் சென்சார் முழுதும் ஷார்ட் ஆனாலும் 1.5 மில்லிஆம்பியரைத் தாண்டாது.

---

பலகைத்தச்சர்

ஓம்விதி சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் எடுத்து வைக்கும்போது இருபது முப்பது எண் மாறுவதைக் கணக்கு தீர்க்காது. அது பொருத்தும் முறையில் உள்ள பிரச்சினை. இந்த சென்சாரில் வரும் தவறுகளில் பெரும்பகுதி மின்சுற்றுக்கு வெளியேதான் இருக்கிறது.

உள்ளே இருப்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாலியெஸ்டர் படலங்கள். ஒன்றில் வெள்ளி மையால் விரல்களைக் கோத்ததுபோல் அச்சிட்ட மின்முனைகள், மற்றதில் கார்பன் மை. இரண்டுக்கும் நடுவே ஓரத்தில் மட்டும் ஒட்டும் வளையம். அழுத்தும்போது மேல் படலம் குழிந்து கீழே தொடுகிறது. தொடும் பரப்பு கூடக் கூட மின்தடை குறைகிறது. ஆக இது அளப்பது எடையை மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில், எந்த இடத்தில் உட்கார்ந்தது என்பதையும் சேர்த்துத்தான். உங்கள் எடைக்கல்லின் அடிப்பாகம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலே எண் மாறும். அடிப்பாகம் சென்சாரை விட அகலமாக இருந்தால் இன்னும் மோசம்: எடையின் ஒரு பங்கை ஓர வளையம் தாங்கிவிடும், நடுவுக்கு மீதிதான் வரும்.

செய்ய வேண்டியது:

சென்சாருக்குக் கீழே தட்டையான, வளையாத பரப்பு வேண்டும். அக்ரிலிக் துண்டு அல்லது அலுமினியத் தகடு போதும். மெல்லிய இருபக்க டேப்பை வட்டத்தின் பின்புறம் முழுக்க, குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். ஒரு குமிழி இருந்தாலே எடை இல்லாதபோதும் எண் காட்டும். சூப்பர் க்ளூ வேண்டாம்.

மேலே 11–12 மி.மீ. விட்டமும் 1–2 மி.மீ. தடிமனும் உள்ள சிலிக்கான் ரப்பர் வட்டு ஒன்றைச் சரியாக நடுவில் ஒட்டுங்கள். செயல்பகுதியின் பெரும்பகுதியை வட்டு மூட வேண்டும், ஓர வளையத்தை மிதிக்கக் கூடாது. அதன்மேல் கடினமான சிறு தட்டு. எடை எப்போதும் அந்தத் தட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். தட்டு பக்கவாட்டில் வழுக்காதபடி நான்கு பக்கமும் தளர்வான தடுப்பு வையுங்கள். படலத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை மேலடுக்கை நாளடைவில் பிரித்துவிடும்.

வால் பகுதியில் இரண்டு படலங்களுக்கு நடுவே காற்றுப் போக ஒரு வழி இருக்கும். பசையோ டேப்போ அதை மூடிவிடக் கூடாது. மூடினால் உள்ளே அடைபட்ட காற்று மெத்தைபோல் தாங்கி, எடையை எடுத்த பிறகும் பூச்சியத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கும்.

வாலைக் கூர்மையாக மடிக்காதீர்கள், வெள்ளிக் கோடு விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட சென்சார் மல்டிமீட்டரில் சில நேரம் சரியாகவும் சில நேரம் திறந்த சுற்றாகவும் காட்டும். வாலை லேசாக அசைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கால்களில் நேரடியாக சால்டர் வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் பாலியெஸ்டர் உருகி, வெள்ளி மை பிரிந்துவிடும். 2.54 மி.மீ. பெண் ஹெடரில் செருகுங்கள், அல்லது திருகு டெர்மினலில் பிடியுங்கள். பிரெட்போர்டில் குத்தினால் கால்கள் மெல்லியவை என்பதால் பிடிப்பு தளர்கிறது, எண் தானாகத் துள்ளுகிறது. சோதனைக்குச் சரி, நிலையாக வைக்க ஆகாது. கால்களுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் கிடையாது, எப்படிச் செருகினாலும் ஒன்றுதான்.

10 கிராம் தெரியாததும் இந்த அமைப்பால்தான். இரு படலங்களும் முதலில் தொட்டுக்கொள்ளவே சுமார் 0.2 நியூட்டன், அதாவது 20 கிராம் அளவு விசை வேண்டும். அதற்குக் கீழே பார்க்க வேண்டுமென்றால் மேல் தட்டை ஒரு மெல்லிய ஃபோம் துண்டால் எப்போதும் லேசாக அழுத்தி வைத்துவிட்டு, அந்தத் தொடக்க மதிப்பைக் கழித்துக்கொள்ளலாம். கழிப்பதைக் கடத்துத்திறனில் செய்யுங்கள். ஏடிசி எண்ணில் கழித்தால் வளைவு காரணமாக மேலே போகப் போகத் தவறும்.

---

அளவுகோல்

எண் மெல்ல ஏறுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நிலையான எடையின் கீழ் இந்தப் படலங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். டேட்டாஷீட்டில் இதை "நேரத்தின் மடக்கைக்கு 5 சதவீதத்துக்குள்" என்று போட்டிருப்பார்கள். 1-லிருந்து 10 வினாடிக்குள் 5 சதவீதம் வரை, 10-லிருந்து 100 வினாடிக்குள் இன்னொரு 5 சதவீதம் வரை போகலாம் என்று அர்த்தம். உங்கள் 850 → 865 மின்தடையில் பார்த்தால் பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஒரு நிமிடத்துக்கு ஒன்பது வரை எதிர்பார்க்கலாம், வட்டு இல்லாமல் வைத்ததில் மீதி. இதை அழிக்க முடியாது, ஒரே நேரத்தில் படித்துச் சமன்செய்யத்தான் முடியும். காலிபரேஷனில் (தெரிந்த எடைகளை வைத்து அட்டவணை எடுப்பதில்) எடை வைத்து 5 வினாடி கழித்துப் படித்தீர்கள் என்றால், பயன்படுத்தும்போதும் 5 வினாடி கழித்தே படியுங்கள்.

காலிபரேஷன் முறை:

முதலில் சென்சாரைப் பழக்குங்கள். உச்ச எடையைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக, உங்களுக்கு 1.1 கிலோ, வைத்து மூன்று வினாடி பிடித்து எடுங்கள். நான்கைந்து முறை. புதுப் படலத்துக்கும், பல நாள் சும்மா கிடந்த படலத்துக்கும் இது கட்டாயம். இதைத் தவிர்த்தால் முதல் சில அளவுகள் கண்டபடி அலையும்.

பிறகு 0, 100, 200, 500, 1000 கிராம் என்று ஏறுவரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே எடையை முழுக்க எடுத்துவிடுங்கள். ஏறும்போது ஒரு மதிப்பும் இறங்கும்போது சற்று வேறு மதிப்பும் காட்டும் குணம் இதற்கு உண்டு, 10 சதவீதம் வரைகூட. எப்போதும் பூச்சியத்திலிருந்து ஏறி வந்தால் அந்த வித்தியாசம் உள்ளே நுழையாது. மூன்று சுற்று எடுத்து, கடத்துத்திறனின் சராசரியை அட்டவணையாக நிரலில் வையுங்கள். இரு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டில் கணக்கிட்டால் போதும். கடைசியில் அட்டவணையில் இல்லாத 300 கிராமை வைத்துச் சரிபாருங்கள்.

இதை சென்சாரைப் பொருத்தி, வட்டு, தட்டு எல்லாம் வைத்த பிறகு செய்ய வேண்டும். மேசையில் தனியாக வைத்து எடுத்த அட்டவணை பெட்டிக்குள் போனதும் செல்லாது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அட்டவணை. 625-க்கும் 590-க்கும் உள்ள வித்தியாசம் மின்தடையில் ஏறக்குறைய 16 சதவீதம், ஒரே மாடலின் இரு துண்டுகளுக்குள் இது வழக்கமானது.

இவ்வளவும் செய்தாலும் "437 கிராம்" என்று திரையில் போடுவது பொய்யான துல்லியம் என்பது என் கருத்து. பொருத்தும் முறையையும் காலிபரேஷனையும் பொறுத்து இந்த வகையின் விசைத் துல்லியம் ±5 முதல் ±25 சதவீதம். கிராம் கணக்கில் எடை வேண்டுமென்றால் லோடு செல் (எடைத் தராசுகளில் உள்ள உலோக சென்சார்), அதைப் படிக்கும் எச்எக்ஸ்711 பலகை இரண்டும்தான் சரியான வழி. காலணிக்குள், கைப்பிடியில், இருக்கைக்கு அடியில் என்று அரை மி.மீ. இடம்கூட இல்லாத இடங்களில் லோடு செல் நுழைய முடியாது. படல சென்சாருக்கு வேலை அங்கேதான்.

---

புதுச்சுற்று

எல்லாருக்கும் நன்றி. 3.3 கிலோ ஓம் போட்டு, 12 மி.மீ. வட்டு ஒட்டி, சொன்னபடி பழக்கி எடுத்தேன். 500 கிராமை எடுத்து எடுத்து வைத்தாலும் இப்போது 15 கிராமுக்குள் நிற்கிறது. எனக்கு வேண்டியது கைப்பிடியின் அழுத்தம் என்பதால் இது போதும்.

அடுத்த கட்டமாக நான்கு சென்சார்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் வயரில். திரையை 0.96 அங்குல ஓஎல்இடி ஆக மாற்றி நான்கு பட்டைகளாகக் காட்ட நினைக்கிறேன். ஏ0 முதல் ஏ4 வரை பயன்படுத்தலாமா? பழைய எல்சிடியில் எண் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கும் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

---

திரைவெளிச்சம்

ஏ4-ஐத் தொடாதீர்கள். ஊனோவில் திரைக்குப் போகும் ஐ2சியின் இரு வயர்களான எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டும் ஏ4, ஏ5 பின்களோடு ஒன்றானவை. அங்கே சென்சாரை மாட்டினால் திரை உறைந்துவிடும். ஏ0 முதல் ஏ3 வரை நான்கும் உங்கள் நான்கு சென்சாருக்குச் சரியாகப் பொருந்துகின்றன.

எல்சிடியில் 62 எழுதும்போது பழைய 985-இன் கடைசி 5 அழியாமல் நிற்கிறது, அதனால்தான் 625. எண்ணை எழுதியதும் இரண்டு மூன்று வெற்றிடம் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் அழிக்கும் கட்டளையைப் போட்டால் மினுமினுக்கும். தசம எண்ணை ஸ்ப்ரின்ட்எஃப் கட்டளை வழியாக வடிவமைத்தால் ஊனோவில் கேள்விக்குறிதான் வரும், அந்த வசதி வழக்கமான அமைப்பில் சேர்க்கப்படவில்லை. பிரின்ட் கட்டளையிலேயே எத்தனை தசம இடம் என்று கொடுத்துவிடுங்கள்.

எல்சிடி ஒளிர்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் முதலில் பின்பலகையில் உள்ள நீலப் பொட்டென்ஷியோமீட்டரை (எழுத்தின் அடர்த்தியை மாற்றும் திருகு) திருப்பிப் பாருங்கள். அடுத்து நிரலில் கொடுக்கும் ஐ2சி முகவரி: பின்பலகையில் பிசிஎஃப்8574 சிப் இருந்தால் பெரும்பாலும் தசமத்தில் 39, முடிவில் "ஏ" உள்ள சிப் என்றால் 63. ஓஎல்இடிக்குப் பெரும்பாலும் 60, சிலவற்றில் 61. சந்தேகம் இருந்தால் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஓடவிட்டுப் பார்ப்பதே விரைவு.

ஓஎல்இடியில் இரண்டு விஷயம். 128×64 திரைக்கு எஸ்எஸ்டி1306 (0.96 அங்குலத் திரையை இயக்கும் சிப்) லைப்ரரி 1024 பைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். ஊனோவில் மொத்தமே 2048 பைட். நிரலில் உள்ள நிலையான வாக்கியங்களையெல்லாம் எஃப் மேக்ரோ (வாக்கியத்தைச் சுற்றி எழுதும் F( ) குறி) போட்டு ஃப்ளாஷ் நினைவகத்துக்குத் தள்ளாவிட்டால் திரை தொடங்காமலே போகலாம், நிரலை ஏற்றும்போது பிழைச் செய்தியும் வராது. இரண்டாவது, 1.3 அங்குலத் திரை வாங்கினால் அதில் பெரும்பாலும் எஸ்எச்1106 சிப் இருக்கும். 1306 லைப்ரரியை வைத்து ஓட்டினால் படம் இரண்டு புள்ளி தள்ளி, ஓரத்தில் குப்பைக் கோடு தெரியும்.

படிப்பதையும் காட்டுவதையும் பிரித்துவிடுங்கள். சென்சாரை 10 மில்லிவினாடிக்கு ஒரு முறை படியுங்கள், திரையை 200 மில்லிவினாடிக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். இதைவிட வேகமாக மாறும் எண்ணைக் கண்ணால் வாசிக்க முடியாது. நிரலை நிறுத்தி வைக்கும் டிலே கட்டளையை விட்டு, ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கணக்கை வைத்துச் செய்யுங்கள். பட்டையின் நீளத்தைக் கடத்துத்திறனுக்கு நேர்விகிதமாக வையுங்கள். ஏடிசி எண்ணை வைத்து வரைந்தால் லேசாகத் தொட்டதுமே பாதிப் பட்டை நிரம்பிவிடும்.

---

ஓம்விதி

ஒரு மீட்டர் வயர் என்றால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை ஆன்டெனாபோல் வாங்கும், குறிப்பாக அழுத்தாத நிலையில். சென்சாரின் இரு வயர்களையும் முறுக்கிக் கொண்டுவாருங்கள். டிவைடர் ரெசிஸ்டரை ஊனோ பக்கத்தில் வையுங்கள், சென்சார் பக்கத்தில் வேண்டாம். ஒவ்வோர் அனலாக் பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். 3.3 கிலோ ஓமோடு அதன் நேர மாறிலி 0.33 மில்லிவினாடிதான், கைப்பிடி அழுத்தத்தின் வேகத்தை அது தடுக்காது. பிறகு சரியாக 100 மில்லிவினாடிக்குள் படித்த பத்து எண்களின் சராசரியை எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஆனாலும் 60 ஹெர்ட்ஸ் ஆனாலும் அந்த நேரத்துக்குள் முழுச் சுழற்சிகள் அடங்குவதால் இரைச்சலின் பெரும்பகுதி தானே ரத்தாகிவிடும்.

ஊனோவின் ஏடிசி ஒன்றுதான், நான்கு பின்களையும் அது மாறி மாறிப் பார்க்கிறது. பின்னை மாற்றியதும் முதல் படிப்பை வீசிவிட்டு இரண்டாவதை எடுங்கள். ஒன்றை அழுத்தும்போது பக்கத்துப் பட்டையும் லேசாக எழும்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சென்சார்களின் 5 வோல்ட்டை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்தே எடுங்கள். ஏடிசியின் ஒப்பு வோல்டேஜும் அதுவே என்பதால், யுஎஸ்பி 5-லிருந்து 4.7-ஆக இறங்கினாலும் விகிதம் மாறாது. சென்சாருக்கு மட்டும் தனி பவர் சப்ளை கொடுத்தால் இந்த வசதி போய்விடும். ஓஎல்இடியின் கிரவுண்ட் வயரையும் சென்சார்களின் கிரவுண்ட் வயரையும் தனித்தனியாகக் கொண்டுவந்து ஊனோவின் கிரவுண்ட் பின்னில் சேருங்கள். திரையில் பட்டை நிரம்பும்போது மின்னோட்டம் கூடும், பொது வயராக இருந்தால் அந்த மாற்றம் அளவிலும் தெரியும்.

ஊனோவை விட்டு இஎஸ்பி32 பலகைக்கு மாற நினைத்தால் 3.3 வோல்ட்டுக்கு மேல் பின்னில் கொடுக்கக் கூடாது. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது, 32 முதல் 39 வரை உள்ள ஏடிசி1 பின்களில் மாட்டுங்கள். அதன் ஏடிசி இரு முனைகளிலும் வளைந்திருக்கும். அட்டவணையைப் புதிதாக எடுக்க வேண்டும், ஊனோவில் எடுத்தது ஒத்துவராது.

---

அளவுகோல்

டிவைடரே வேண்டாம், நேர்கோடாகவே வேண்டும் என்றால் ஆப்-ஆம்ப் (வோல்டேஜைப் பெருக்கும் சுற்று) போடலாம். எம்சிபி6004 ஒரே சிப்பில் நான்கு ஆப்-ஆம்ப் உள்ளது, உங்கள் நான்கு சென்சாருக்கும் ஒன்று போதும். பாசிட்டிவ் உள்ளீட்டில் 0.5 வோல்ட். நெகட்டிவ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு சென்சார். வெளியீட்டிலிருந்து நெகட்டிவ் உள்ளீட்டுக்கு 6.8 கிலோ ஓம், அதற்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட். வெளியீடு = 0.5 × (1 + 6.8 ÷ சென்சாரின் கிலோ ஓம்). எடை இல்லாதபோது 0.5 வோல்ட், 100 கிராமில் 1.07, 1 கிலோவில் 3.9. ஏடிசியின் ஓர் எண் கீழே ஒரு கிராம், மேலே இரண்டு கிராமுக்குள், வரம்பு முழுதும் ஏறக்குறைய சமம். சென்சாரின் மேல் எப்போதும் அரை வோல்ட்தான் இருக்கும் என்பதால் மின்னோட்ட வரம்பைப் பற்றிய கவலையும் இல்லை.

எல்எம்358 ஆப்-ஆம்ப் கையில் இருந்தாலும் இங்கே போடாதீர்கள். 5 வோல்ட் சப்ளையில் அதன் வெளியீடு 3.5 வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிடும், உங்கள் கடைசி 150 கிராம் காணாமல் போகும். வயர் அறுந்தாலும் 0.5 வோல்ட்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபோம் வைத்துத் தொடக்க அழுத்தம் கொடுத்திருந்தால் சாதாரண நிலை 0.5-க்கு மேலே இருக்கும். அப்போது சரியாக 0.5-க்கு இறங்கும் பட்டைக்கு "இணைப்பு இல்லை" என்று திரையில் எழுதிவிடலாம்.